தெயோநனகத்ல்

மெக்சிகோவின் தென்பகுதி மலைகளில், மழைக்காலப் புல்வெளிகளிலும் பாசி படர்ந்த இடங்களிலும் முளைக்கும் சிறு காளான் சைலோசைபி மெக்சிகானா. மணி போன்ற அதன் குடை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தை எட்டினாலே பெரிது. பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1957இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். அவர் வளர்த்துக் கொடுத்த காளானிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் சைலோசைபின், சைலோசின் என்னும் இரு வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். உடலுக்குள் சைலோசைபின் சைலோசினாக மாறி, மூளையில் செரோட்டோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. காட்சி மயக்கம் அதனால் வருவது. இதையும் இதன் பேரினத்துக் காளான்கள் வேறு சிலவற்றையும் ஆஸ்டெக்குகள் தங்கள் நாவாட்டில் மொழியில் தெயோநனகத்ல் என்றார்கள். அதற்குத் ‘தெய்வத்தின் சதை’ என்று பொருள் சொல்லாத நூல் அரிது. அந்தப் பொருள் பிழையானது. காளானின் சடங்கையே தவறாகப் புரியவைத்தது.

பிழையின் தொடக்கம் 16ஆம் நூற்றாண்டில். பிரான்சிஸ்கன் துறவி மொட்டோலினியா, அங்குள்ள பழங்குடி மக்கள் கசப்பான காளானைத் தேனோடு உண்டதையும், அதன் வழியே அவர்களுடைய கொடிய தெய்வம் அவர்களுக்கு நற்கருணை தந்ததையும் எழுதி, பெயருக்கு அந்தச் ‘சதை’ப் பொருளையும் தந்தார். அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக உண்பவரின் கண்ணுக்கு இது சாத்தானின் போலிப் பூசையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் நனகத்ல் என்றால் வெறும் காளான். 1571இல் வெளிவந்த மொலினாவின் நாவாட்டில் அகராதியே அப்படித்தான் சொல்கிறது. தெயோ என்பது தெய்வத்தன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. இரண்டும் சேர்ந்தால் ‘தெய்வக் காளான்’, அவ்வளவே. நனகத்லுக்குள் சதையைக் குறிக்கும் நகத்ல் ஒலிக்கிறதே என்று கேட்கலாம். வேர் ஒன்றாகவே இருக்கட்டும். எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று. அதற்காகத் தேங்காயெண்ணெயில் யாரும் எள்ளைத் தேடுவதில்லை.

சடங்கைப் பற்றி அதே நூற்றாண்டில் விரிவாக எழுதிய துறவி சகாகுன் காட்டுவது வேறொரு படம். வணிகர் விருந்தில் விடியுமுன் காளான் உண்டவர்களில் ஒருவர் தான் போரில் சாவதைக் கண்டார். இன்னொருவர் செல்வந்தராவதைக் கண்டார். மயக்கம் தெளிந்தபின் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இது வரப்போவதை அறியும் முயற்சி, குறி கேட்பதற்கு நெருக்கமானது. துறவிகளின் இந்தச் சாட்சியங்கள் பட்ட பாடும் விசித்திரமானது. 1915இல் அமெரிக்கத் தாவரவியலாளர் சாஃபோர்ட், அப்படியொரு காளானே கிடையாது, பெயோட்டே என்னும் கள்ளியைத்தான் துறவிகள் காளான் என்று குழப்பிக்கொண்டார்கள் என்று வாதிட்டார். வஹாக்கா மாநிலத்தின் வாவுத்லா ஊரிலிருந்து 1930களில் காளான்கள் ஆய்வாளர் கைக்கு வந்தபோது அந்த வாதம் சரிந்தது. முன்பு முழுக்கத் தள்ளியதை அறிஞர்கள் பிறகு மொட்டோலினியாவின் உவமை உட்பட முழுக்க ஏற்றுக்கொண்டார்கள்.

வாவுத்லாவின் மசாடெக் மக்கள் கத்தோலிக்கர்கள்தானே, அவர்களுடைய இரவுச் சடங்கில் புனிதர் பெயர்கள் ஒலிக்கவில்லையா என்பது வலுவான மறுப்பு. ஒலிக்கின்றன, அங்கே சடங்கு நடத்திய வைத்தியர் மரியா சபினாவின் பாடல்களில் கிறிஸ்துவும் வருகிறார். ஆனால் மசாடெக் மொழியில் காளானின் பெயருக்கு ‘முளைத்தெழும் சின்னஞ்சிறியவை’ என்பது போன்ற பொருள். ஸ்பானிய மொழியில் அவர்கள் அவற்றைப் ‘புனிதப் பிள்ளைகள்’ என்கிறார்கள். பிள்ளைகள் பேசும், நோய்க்குக் காரணம் சொல்லும். அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசன் 1955இல் சபினா நடத்திய சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் லைஃப் இதழில் எழுதினார். அதன்பின் தெய்வத்தைத் தேடி அயலார் கூட்டம் கூட்டமாக அந்த மலையேறினார்கள். வாசனுக்கு முன் தெய்வத்தைக் காண்பதற்கென்று யாரும் காளான் உண்டதில்லை, நோயாளி குணமாகவே உண்டார்கள் என்று பிற்காலத்தில் சபினா சொன்னார். 1962இல் ஹாஃப்மன் செயற்கைச் சைலோசைபின் மாத்திரைகளை அவரிடம் கொடுத்தார். சதைதான் புனிதம் என்றால், ஆலையில் செய்த மாத்திரை அவருக்கு அபசாரமாகப் பட்டிருக்க வேண்டும். அவரோ அதிலும் காளானின் ஆற்றல் இருப்பதாக ஒப்புக்கொண்டு, காளான் கிடைக்காத மாதங்களிலும் இனி வைத்தியம் பார்க்கலாம் என்று மகிழ்ந்ததாக ஹாஃப்மன் பதிவு செய்திருக்கிறார்.