பாடப் புத்தகத்தில் ஒரு வெங்கட்ராமன்

நாயுடுபேட்டையில் திருப்பதி பஸ் ஏறினால் வழியில் காளஹஸ்தி வரும். கோயிலை விட்டால் அந்த ஊருக்குப் பெயர் கலம்காரித் துணியால்தான். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைப்பார்கள். இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பு மையால் கோடு போடுவார்கள். சிவப்பு பிடிக்கப் படிகாரம். எல்லாமே கெமிஸ்ட்ரிதான், யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவே!

1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை அவுரி நீலத்தை விற்க ஆரம்பித்ததும் நம் பக்கத்து அவுரிச் சாகுபடி படுத்துவிட்டது. சாயம் நம்முடையது, ரசாயனம் அவர்களுடையது என்று ஆனது.

இந்த நிலையில்தான் கே. வெங்கட்ராமன் வருகிறார். 1901-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு, லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

பல பூக்களின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் ஃபிளேவோன் வகைப் பொருள்கள். அவற்றை ஆய்வகத்தில் செய்ய அவர் கண்ட வழி எளிமையானது. ஒரு மூலக்கூறில் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ஒரு தொகுதி, சோடமைடு போன்ற காரம் பட்டதும், பக்கத்து சீட்டுக்கு மாறுவது மாதிரி அருகிலுள்ள கார்பனுக்குத் தாவிவிடும். பிறகு அமிலத்தை வினையூக்கியாகச் சேர்த்தால் நீர் வெளியேறி வளையம் மூடிக்கொள்ளும். ஃபிளேவோன் தயார்.

1933-ல் பெங்களூரிலிருந்து வந்த 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இது வெளியானது. இதழுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் வில்சன் பேக்கரும் தனியாக இதையே வெளியிட்டார். அதனால்தான் இன்றும் அதன் பெயர் பேக்கர்-வெங்கட்ராமன் மாற்றம்.

பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சாயத் தொழிலுக்கு ஆட்களை உருவாக்கினார். செயற்கைச் சாயங்கள் பற்றி அவர் 1952 முதல் கொண்டுவந்த தொகுதிகள் உலகம் முழுக்கப் பயன்பட்டன. 1957-ல் புனே தேசிய ரசாயன ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரும் ஆனார்.

இங்கே காலேஜில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பெயரைத் தாண்டித்தான் போவார்கள். அப்போது இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த 1933 கட்டுரையில் முதலில் இருக்கும் பெயர் வெங்கட்ராமன் இல்லை, ஹெச். எஸ். மஹால். வினையின் பெயரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.