பசறை மலைகளிற் குளோன் தேயிலை: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் தோட்ட உரிமை, ஏற்றுமதி, தொழிலாளர் குடிப்பெயர்வு ஆகியவற்றையே பெரிதும் ஆராய்வர். செடியின் வரலாறு அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஊவாத் தோட்டங்களில் உழைப்போரின் நாட்கூலியோடு நேரே தொடர்புடையது ஆதலின், அதுவும் ஆராயத்தக்கதேயாகும்.

1869 இற் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், நமுனுகுலை மலைச்சாரலிலும் தேயிலை வேரூன்றியது. அயன்மகரந்தச் சேர்க்கையால் உண்டான விதைகளின் செடிகள், அடுத்தடுத்து நின்றபோதும் இலையளவிலும் தளிர்க்கும் வேகத்திலும் வேறுபட்டன. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வேறுபாட்டையே பயன்கொண்டது. சிறந்த தாய்ச்செடியைத் தெரிந்து, அதன் ஓரிலை வெட்டுத்துண்டுகளிலிருந்து மரபொத்த செடிகளைப் பெருக்கியது. ஒரு தாய்ச்செடியின் இத்தகைய வழித்தோன்றல்களே குளோன் எனப்படும். 1958 ஆம் ஆண்டின் தேயிலை மானியச் சட்டம் மீள்நடுகையை ஊக்க, டி.ஆர்.ஐ. 2025 முதலியன தோட்டங்களிற் பரவின. தோட்டமக்கள் அவற்றை வி.பி. தேயிலை என்றனர்.

விளைச்சல் உயர்ந்தமை உண்மையே. ஆயின் எளிதில் அளக்கத்தக்கது கொழுந்தின் நிறை. வேரை அளக்கவோ செடியையே பிடுங்கல் வேண்டும். ஓர் உறுப்பின் வளர்ச்சிக்கும் மற்றோர் உறுப்பின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பினுக்கு 1936 இல் ஜூலியன் ஹக்ஸ்லியும் ஜோர்ஜ் தெய்சியேயும் அலோமெற்றி எனப் பெயரிட்டனர். தண்டின் விட்டத்தைக் கொண்டு ஊசியிலை மரத்தின் நிறையை மதிப்பிடுவது இவ்வடிப்படையிலேயாம். ஆயினும் அத்தொடர்பு குளோனுக்குக் குளோன் மாறலாம்.

தேயிலைக்கும் இது பொருந்தும். விதைச்செடிக்கு ஆணிவேர் உண்டு. வெட்டுத்துண்டில் வளர்ந்ததற்கு அஃதில்லை. அதன் பணியைப் புதிதாய்த் தோன்றும் வேர்களே ஆற்றல் வேண்டும். அவை செல்லும் ஆழமோ குளோனுக்கேற்ப வேறுபடும். தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வறண்டு வீசும் ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்மணம் வாய்க்கின்றது. அதே வறட்சியில் வேர் ஆழாத செடி முதலில் வாடுகின்றது. வாடிய மலையிற் கொழுந்து குறையும். குறித்த நிறையை எட்டாதவர்க்கு அரைப்பேர், அதாவது பாதிக்கூலி, எழுதப்படுவதுண்டு.

தலவாக்கலையிற் சிறந்த குளோன் பசறையிலும் சிறந்ததாதல் வேண்டுமென்பதில்லை. பசறையில் அந்நிறுவனத்தின் ஊவாப் பிரதேச நிலையம் இயங்குவதன் தேவையும் இதனாற் புலனாகும். எஞ்சியுள்ள விதைத்தேயிலை மலைகளைப் பழமையென ஒதுக்கல் எளிது. ஆயினும் முதற் குளோன்கள் பிறந்தது அத்தகைய மலைகளின் வேறுபாட்டிலிருந்தே. அவை முழுவதையும் ஒரே குளோனால் நிரப்பிவிட்டால், நாளைய வறட்சிக்கேற்ற செடியைத் தெரிந்தெடுக்க அங்கு எதுவும் எஞ்சாது.