நாள் குறிப்பவர் யார்?

1676இல் இராபர்ட் ஊக் தம் நூலொன்றில் பொருளற்ற 14 எழுத்துகளை அகரவரிசையில் அச்சிட்டார். 1678இல் அவற்றை முறைப்படி அடுக்கிக் காட்டினார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்னும் மீட்சி விதி வெளிப்பட்டது. கண்டதைச் சொல்லாமலே கண்ட காலத்தை நிலைநாட்டும் உத்தி இது. 1610இல் கலிலியோவும் சனிக்கோளைப் பற்றித் தாம் கண்டதை இவ்வாறே எழுத்துகளைக் கலைத்து அனுப்பினார். அதை விடுவிக்க முயன்ற கெப்ளர், செவ்வாய்க்கு இரு துணைக்கோள்கள் உண்டு என்று படித்துவிட்டார். ஒரே எழுத்துத் தொகுதி இரு வாக்கியங்களுக்கு இடங்கொடுத்தால் அது எப்படிச் சான்றாகும்? (செவ்வாய்க்கு இரு துணைக்கோள்கள் இருப்பது பின்னர் மெய்யானது வேறு கதை.)

நம் தரவுத்தொகுப்புகளும் நிரல்களும் இன்று கிட் களஞ்சியங்களில் உள்ளன. தம் பகுப்பாய்வு வேறொருவர் கட்டுரையில் முந்தி வெளிவந்தால், முனைவர் பட்ட மாணவர் கமிட்டின் நாளைக் காட்டுவார். அந்நாளோ அவரது கணினிக் கடிகாரம் சொன்னது. இரு சூழல் மாறிகளை மாற்றினால் எந்த நாளையும் இடலாம். மின்கையொப்பமும் யார் என்பதைச் சொல்லுமேயன்றி எப்போது என்பதைச் சொல்லாது.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர்கள் பெல்கோர் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா ஆகியோர். 1991இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை, ஆவணத்தை மறைத்து அதன் ஹாஷ் மதிப்பை மட்டும் முத்திரையாளருக்கு அனுப்பச் சொன்னது. ஊக்கின் 14 எழுத்துகள் செய்த அதே பணி. ஆனால் கெப்ளருக்கு நேர்ந்தது இங்கே நேர்வது நடைமுறையில் அரிது. முத்திரையாளரே பொய்யுரைத்தால்? அதற்கும் வழி கண்டனர்: ஒவ்வொரு முத்திரையையும் முந்தையதோடு சங்கிலியாகப் பிணைத்தனர். அவர்கள் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் ஒரு ஹாஷ் மதிப்பை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளம்பரமாக வெளியிட்டது. ஊர்தோறும் நூலகங்களில் கிடக்கும் நாளிதழை யாரால் திருத்த இயலும்? இவ்வழியின் அழகு பின்வந்த தரநிலையில் இல்லை என்பது என் எண்ணம். 2001இன் ஆர்எஃப்சி 3161, நேரமுத்திரை ஆணையத்தின் கையொப்பத்தை நம்பச் சொல்கிறது.

எனினும் கட்டளை வரியில் எளிதாகக் கைகூடுவது அதுவே. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவி கமிட்டின் ஹாஷிலிருந்து வினவலை ஆக்கும். கர்ல் அதை ஆணையத்துக்கு அனுப்பும். வரும் மறுமொழியைக் கிட் நோட்ஸ் வசதியில் இணைத்தால் கமிட் மாறாது. ஒவ்வொரு கமிட்டும் தன் முன்னோரின் ஹாஷைத் தாங்குவதால், இறுதிக் கமிட்டுக்கு இட்ட முத்திரை அதுவரையிலான வரலாறு முழுவதையும் காக்கும். கிட் வழக்கமாகப் பயன்படுத்தும் ஷா-1 முறையில் ஒரே மதிப்புடைய இரு கோப்புகளை 2017இல் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினர். ஆகவே புதிய களஞ்சியத்தை ஷா-256 முறையில் தொடங்குவது நன்று.

முத்திரை மெய்ப்பிப்பது ஒன்றே: குறித்த நேரத்தில் அக்கோப்பு இருந்தது. யார் எழுதினார் என்பதை அது அறியாது. எனவே வரைவைப் பிறருக்கு அனுப்பும் முன்பே முத்திரை பெற வேண்டும். ஆணையத்தின் சான்றிதழ்களையும் மறுமொழியோடு சேர்த்து வைக்க வேண்டும்.