காத்திருப்போர் கணக்கு

மலாய் நாட்டுத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், பள்ளிகள் எத்தனை, உபாத்தியாயர் எத்தனை பேர் என்று தொகை கூறி அமைவது வழக்கம். பிள்ளை பள்ளியை விட்டு வெளிவந்து, கலாசாலையில் இடம் வேண்டி விண்ணப்பம் எழுதிவிட்டு, ஆம் என்றும் இன்றி, இல்லை என்றும் இன்றி, பதிலை எதிர்நோக்கி நிற்கும் காலத்தை யாரும் கணக்கில் எடுத்தாரில்லை. ஆயினும், நம்மவர் வீட்டில் நகை அடகுக்குப் போவதும், பெண்ணின் படிப்பு நின்று கலியாணப் பேச்சு எழுவதும், பையன் தொழிற்சாலைச் சட்டையை மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த இடைக்காலத்தில்தான் அன்றோ?

மலாக்கா நகருக்கு அண்மையில் உள்ள பத்து பெரண்டாமை எடுத்துக்கொள்வோம். நீரில் ஊறிக் கிடக்கும் கல் என்பது மலாய் மொழியில் அப்பெயரின் பொருள். ரப்பர் மரங்கள் நின்ற அவ்வட்டாரத்தில் 1970களில் சுங்கவரியற்ற தொழில் வட்டாரம் எழுந்தது. அதன் பின், பரீட்சை முடித்த பிள்ளை பதில் வரும் வரையில் சும்மா இருப்பானேன் என்று ஆலை வேலைக்குப் புகுவது எளிதாயிற்று. மூன்று மாதத்திற்கு என்று போனவர் ஆயுள் முழுதும் அங்கேயே தங்கிவிட்டதும் உண்டு.

இக்காத்திருப்பு நம் நாட்டிற்கு முதன்முதலில் கப்பல் வழியே வந்தது எனலாம். கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் 1891இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் தொடங்கின. டிசம்பரில் மாணவன் எழுதிய விடைத்தாள் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, திருத்தப்பெற்று, முடிவு திரும்பி வர மாதக்கணக்காகும். அக்காத்திருப்பு நீண்டதாயினும் ஒரு வகையில் நேர்மையானது. தாளைத் திருத்துபவர் எழுதியவன் முகத்தை அறியார். ஆனால், அத்தாளை எழுதும் நிலைக்கு வந்த தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர்? பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென 1912இல் விதித்த தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களுக்கே உரியது. மலாக்காவோ அவற்றுள் ஒன்றன்று. எந்த மாநிலமாயினும், தோட்டப் பள்ளி தமிழில் சில வகுப்புகளோடு முடிந்துவிடும். ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. சம்பளம் கட்டியே படிக்க வேண்டும். மலாக்காவில் 1826 முதலே ஆங்கிலப் பள்ளி உண்டு என்று பெருமை பேசுகிறோம். பால்மரம் வெட்டுபவரின் மகனுக்கு அது கேம்பிரிட்ஜைவிட அருகில் இருந்ததென்று யாரால் கூற இயலும்?

சிங்கப்பூரில் 1905இல் மருத்துவக் கலாசாலையும், 1928இல் ராபிள்ஸ் கலாசாலையும் திறக்கப்பட்டன. இரண்டும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயா சர்வகலாசாலை ஆயின. அதன் வாயிலில் மாணவர் மட்டுமன்றித் தமிழ்மொழியும் இடம் கேட்டு நின்றது. இந்திய இயலுக்கு ஒரு துறை அமைப்பது பற்றி ஆலோசனை கூற அழைக்கப்பட்ட சரித்திரப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரக் கருதினார். இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்பது அவருக்குத் தெரியாததன்று. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதனை எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நில்லாமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரால் நிதியும் திரட்டினார். எழுத்தறியாத தொழிலாளரும் தம்மால் இயன்ற வெள்ளியை ஈந்தனர். 1956இல் துறை தொடங்கியபோது தமிழுக்கே இடம் கிடைத்தது. கொடுத்தவருள் பலருடைய பிள்ளைகள் அத்துறையின் படியை மிதித்தாரில்லை.

மிதிக்க முடியாமைக்குக் காரணம் கீழ்ப்படியிலேயே இருந்தது. 1964 வரையில், ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப் பள்ளிக்கு ஒரு நுழைவுப் பரீட்சை நடந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே மேலே இடம். மற்றவர் பன்னிரண்டு வயதில் வீடு திரும்பினர். 1965இல் அப்பரீட்சை ஒழிந்தது. அதன் பின்னும், தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்த பிறகே படிவம் ஒன்றுக்குப் போகலாயிற்று.

இனி, எல்லோரும் அறிந்ததும் சிலரே வெளிப்படையாகப் பேசுவதுமான 1971ஆம் ஆண்டுக்கு வருவோம். மே 1969 கலவரத்திற்குப் பின் சர்க்கார், டாக்டர் அப்துல் மஜீத் இஸ்மாயிலின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மாணவர் தொகை, சர்வகலாசாலை முழுவதிலும் மட்டுமன்றி ஒவ்வொரு துறையிலும், நாட்டின் இன விகிதத்தை ஒத்திருக்க வேண்டுமென அக்குழு கூறியது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டு, மலாய்க்காரருக்கும் சாபா, சரவாக் சுதேசிகளுக்கும் உயர்கல்வி நிலையங்களில் இடம் ஒதுக்கச் சட்டவழி ஏற்பட்டது.

இதனை ஒரேயடியாக அநீதி என்று கூறுவோர் உளர். அவரோடு யாம் உடன்படோம். மருத்துவத்திலும் பொறியியலிலும் மலாய் மாணவர் அந்நாளில் மிகச் சிலரே. மீனவன் மகனும் நெல் விதைப்பவன் மகனும் கலாசாலையை எட்டாதிருந்தது அறிவுக் குறையாலா? அன்று. நம் பிள்ளைகள் எட்டாதிருந்த அதே காரணத்தால்தான்.

மேலும், சென்னையில் இடஒதுக்கீட்டை வரவேற்றுவிட்டு மலாக்காவில் அதனை வெறுப்பது பொருந்தாது. அங்கே வகுப்புவாரி உத்தரவின்படி கலாசாலையின் ஒவ்வொரு பதினான்கு இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறிஸ்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டார்கள். 1950இல் செண்பகம் துரைராசன் என்ற அம்மையார், மருத்துவக் கலாசாலையில் தமக்கு இடம் கிடையாதென்று நீதிமன்றம் சென்றார். அவர் விண்ணப்பமே செய்ததாகத் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கூறுகிறது! 1951 ஏப்ரலில் உத்தரவு செல்லாதென்று தீர்ப்பாயிற்று. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்டோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தந்தது.

இரு நாட்டிலும் கலாசாலை இடத்தின் பொருட்டு அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. வேற்றுமை எங்கே? சென்னைப் பட்டியலில் பிற்பட்டவனுக்கும் அரிசனனுக்கும் தனித்தனிப் பத்தி இருந்தது. இங்கே தோட்டத் தொழிலாளியின் மகனுக்குத் தனிப் பத்தி இல்லை. கோலாலம்பூர் வழக்கறிஞரின் மகனும், ஈய முதலாளியின் மகளும், பத்து பெரண்டாமில் பால் வாளி சுமந்தவரின் பிள்ளையும் ‘மற்ற இனத்தவர்’ என்ற ஒரே பத்தியில் வரிசை நிற்க வேண்டியதாயிற்று. அவ்வரிசையில் யார் முன்னே நிற்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2002இல் விகித முறை நீங்கித் தகுதி முறை வந்தது என்றார்கள். ஆனால், சர்வகலாசாலைக்குள் புக ஓராண்டு மெட்ரிகுலேஷன் ஒரு வழியாகவும், அதனினும் நீண்ட எஸ்.டி.பி.எம். மற்றொரு வழியாகவும் நின்றன. முன்னதில் பத்தில் ஒன்பது இடம் பூமிபுத்திரருக்கே. 2004இல், எஸ்.டி.பி.எம்.மில் முழு மதிப்பெண் பெற்ற 128 பேருக்கு மருத்துவத்தில் இடமில்லை என்ற செய்தி நாட்டையே கலக்கியது. 2012இல் இந்திய மாணவருக்கு மெட்ரிகுலேஷனில் 1,500 இடம் என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தது எத்தனை, உள்ளே சேர்ந்தது எத்தனை என்ற சர்ச்சை நெடுநாள் ஓயவில்லை. அந்த 1,500இலும் தொழிலாளியின் பிள்ளைக்கென்று தனிக் கணக்குண்டா என்று கேட்டவர் நம் தலைவர்களுள் மிகச் சிலர். இனத்திற்கு இடம் கேட்பது மேடையில் கைத்தட்டல் பெறும். இனத்திற்குள் ஏழைக்கு இடம் கேட்டால் மேடையே கிடைக்காது.

பணமுள்ளவர் காத்திருப்பதில்லை. மணிப்பாலில் 1953இல் தனியார் மருத்துவக் கலாசாலை தோன்றிய பின், நம் நாட்டு வசதி படைத்தோர் பலர் தம் மக்களை அங்கே அனுப்பினர். 1997இல் அந்தக் கலாசாலையே மலாக்காவுக்கு வந்தது. புக்கிட் பாருவில், பத்து பெரண்டாமிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தொலைவில், மாணவர் வெள்ளை அங்கி அணிந்து நடந்தனர். ஊர்க்காரர் அவர்களைக் கண்டனர், கட்டணத்தையும் கேட்டறிந்தனர்.

2024 ஜூனில், எஸ்.பி.எம். பரீட்சையில் பத்து ‘ஏ’ பெற்றவர் எவ்வினத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று சர்க்கார் அறிவித்தது. நல்லதே. ஆனால், பத்துப் பாடம் எடுத்து எழுதவே தனி வகுப்பும் தனிச் செலவும் வேண்டும். ஏழு ‘ஏ’ பெற்ற பிள்ளை பழையபடி மேல்முறையீடு செய்து காத்திருக்கிறது. அதற்குத் தரப்படும் அவகாசம் சில நாட்களே. அந்நாட்களில் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடர் வாசலில் நிற்கும் பெற்றோரை என்னென்பது! இடம் பெற்றும் சேராதவர் விட்டுச்சென்ற இடங்களே மேல்முறையீட்டுக்கு உரியவை. ஆகையால் எத்தனை இடம் மிஞ்சும் என்பது முன்கூட்டித் தெரியாது. முடிவு ஒற்றை வரியில் வருகிறது. ‘இல்லை’ என்று வந்தால், தான் அப்பட்டியலில் எத்தனையாவதாக நின்றோம் என்பதைப் பிள்ளை அதில் காண்பதில்லை.