அமிலமும் தண்ணீரும்: ஒரு சூடான வரலாறு

அடர் கந்தக அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் பாத்திரம் சுடும். "அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது" என்பது ஆய்வகத்தின் முதல் பாடம். சரி, ஒரு கேள்வி. ஜில்லென்ற தண்ணீரில் விட்டாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாலும் வெளிவரும் வெப்பம் ஒரே அளவுதானா?

சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குச் சரியான விடை கிடைக்க வேதியியல் நெடுங்காலம் காத்திருந்தது.

முதலில் வருபவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் இர்வின் (1743-1787). ஜோசப் பிளாக்கின் மாணவர். ஒரு பொருளின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பத்தை வெப்ப ஏற்புத்திறன் என்கிறோம் அல்லவா? அமிலமும் தண்ணீரும் கலந்ததும் இந்த ஏற்புத்திறன் குறைகிறது, அதனால்தான் சூடு வருகிறது என்றார் இர்வின். பெரிய குடத்துத் தண்ணீரைச் சின்னக் குடத்துக்கு மாற்றினால் மீதி வழியும். அந்த வழிசல்தான் நம் கையைச் சுடும் சூடு! இதை வைத்து, வெப்பமே இல்லாத பூஜ்ய நிலை எங்கே இருக்கிறது என்றுகூடக் கணக்குப் போடலாம் என்று அவர் நம்பினார்.

1783-இல் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் இதைச் சோதித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பனிக்கட்டி கலோரிமீட்டர். உருகிய பனியின் எடையைப் பார்த்து வெப்பத்தை அளக்கும் கருவி அது. கந்தக அமிலம், தண்ணீர் கலந்த அமிலம் என்று பலவற்றின் ஏற்புத்திறனை அளந்து இர்வின் சொன்னபடி கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு கலவைக்கும் ஒவ்வொரு பூஜ்யம் வந்தது! இர்வினின் கொள்கை ஆட்டம் கண்டது.

அடுத்தவர் ஜெர்மைன் ஹென்றி ஹெஸ். 1802-இல் ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கந்தக அமிலத்தோடு வெவ்வேறு அளவு தண்ணீர் சேர்த்து வெப்பத்தை அளந்தார். பிறகு அந்த அமிலத்தை அம்மோனியாவால் நடுநிலையாக்கி மறுபடியும் அளந்தார். முதல் படியில் அதிகம் வந்தால் இரண்டாம் படியில் குறைவாக வந்தது. இரண்டையும் கூட்டினால் அவருடைய அலகில் 596, 597, 597, 602. ஏறக்குறைய ஒரே எண்! எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் மாறாது என்று 1840-இல் அறிவித்தார். ஆற்றல் அழிவின்மை விதியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது 1847-இல்தான் என்பதைக் கவனியுங்கள்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். விடையைத் தந்தவர் கிர்க்காஃப். மின்சுற்று விதிகளில் வரும் அதே கிர்க்காஃப்தான். 1858-இல் அவர் சொன்னதை ஹெஸ் விதியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

இரண்டு வழிகளை யோசியுங்கள். ஒன்று, அமிலத்தையும் தண்ணீரையும் தனித்தனியே 10 டிகிரி சூடாக்கிவிட்டுக் கலப்பது. இன்னொன்று, முதலில் கலந்துவிட்டு, பழைய வெப்பநிலைக்கு வந்த கலவையை 10 டிகிரி சூடாக்குவது. தொடக்கமும் முடிவும் ஒன்றே, எனவே மொத்தக் கணக்கும் ஒன்றே. தனித்தனியே சூடாக்க 100 பங்கு வெப்பம் வேண்டும், கலவைக்கு 96 பங்கு போதும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு நேராக வேண்டுமானால், சூடாக இருக்கும்போது கலந்தால் 4 பங்கு கூடுதலாக வெளிவந்தே ஆக வேண்டும்!

உண்மையான எண்களைப் பார்ப்போம். 1 மோல் கந்தக அமிலத்தை 25 டிகிரி செல்சியஸில், அளவற்ற தண்ணீரில் கரைப்பதாகக் கணக்கிட்டால் சுமார் 95 கிலோஜூல் வெளிவரும். அந்த வெப்பநிலைக்கு அருகே 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 4 கிலோஜூல் கூடும். அதாவது தொடக்க வெப்பநிலை மாறினால் வெப்பமும் மாறும், ஆனால் கொஞ்சம்தான்.

இதில் ஒரு பாதுகாப்புப் பாடமும் இருக்கிறது. பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்துவிட்டால் அமிலம் சாதுவாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வருகிற வெப்பம் ஏறக்குறைய அப்படியேதான் வரும். குளிரிலிருந்து தொடங்கினால் கொதிநிலைக்குத் தூரம் அதிகம், பனிக்கட்டியும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். 60 டிகிரி தண்ணீரில் தொடங்கினால் அந்தத் தூரம் வெறும் 40 டிகிரி. ஆகவே மெதுவாக, கலக்கிக்கொண்டே ஊற்றுவதை எப்போதும் விடக் கூடாது.

ஹெஸ் 1850-இல், 48 வயதில் இறந்துவிட்டார். கிர்க்காஃப் தந்த விடையை அவர் பார்க்கவில்லை. அவருடைய கட்டுரைகளை ஆஸ்ட்வால்ட் 1890-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

இர்வினும் முழுக்கத் தோற்றுவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏற்புத்திறன் வித்தியாசம்தான் சூடு என்றார், அது தவறு. ஆனால் வெப்பநிலையோடு அந்தச் சூடு எவ்வளவு மாறும் என்பதைச் சொல்வது அதே வித்தியாசம்தான். அடுத்த முறை பாடப்புத்தக அட்டவணையின் தலையில் 298 கெல்வின் என்று பார்த்தால், அது ஏன் அங்கே நிற்கிறது என்பது இனி உங்களுக்குத் தெரியும்.