பள்ளிக் கட்டடமும் அது நின்ற இடமும்

நம் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், உறுப்பினர் பலர் நம்மை வழியில் நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “எங்கள் தெருப் பள்ளியை இடிக்கப் போகிறார்களாமே, ஐயா, இடித்தால் மறுபடி கட்டுவார்களா?” என்பதே அது. கேள்வி சிறியது. ஆயினும் இதற்கு விடை கூறப் பொறியாளரின் அறிக்கை மட்டும் போதாது. நம் மக்களுக்குப் பள்ளிக் கட்டடம் எவ்வாறு வந்தது, எந்த இடத்தில் வந்தது என்னும் வரலாற்றையும் அறிதல் வேண்டும். அதனை இம்மலரில் எழுதி வைப்பது பயனுடைத்து என்று கருதினோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஊர்ப் பள்ளிகளுக்குத் தனிக் கட்டடம் என்பது அரிது. ஆசிரியர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி, அக்கிரகாரத்து வாடகை வீடு ஆகியவையே பள்ளிக்கூடங்களாக இருந்தன. இவற்றுள் ஒன்றிலேனும் நம் முன்னோர் கால்வைக்க இயலாது. ஆகவே பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள் என்று சொல்வதற்கு முன்னரே, பள்ளி நடந்த இடமே அவர்களை மறுத்துவிட்டது. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு விரிவான குறிப்பு ஒன்றை எழுதினார். அதன் பயனாக 1892-இல் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள் என்பது யாவரும் அறிந்ததே. அதற்கு அடுத்த ஆண்டில், அஃதாவது 1893-இல், பஞ்சமர் கல்விக்கென்று அரசு தனியாணை ஒன்றைப் பிறப்பித்தது. பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவித்தொகை, பள்ளி அமைக்கப் புறம்போக்கு நிலம் ஆகியவை அவ்வாணையின் கூறுகள். 1894-இல் கர்னல் ஆல்காட்டு சென்னையில் தம் முதல் இலவசப் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். பாதிரிமார் சங்கங்கள் அதற்கு முன்பிருந்தே சேரிகளில் பள்ளி நடத்தி வந்தன. அப்பள்ளிகள் பலவும் மண்சுவரும் கீற்றுக் கூரையும் கொண்ட கொட்டகைகளே. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கூடம், மற்றை நாட்களில் வகுப்பறை. மழைக்காலம் முடிந்தால் சுவருக்கு மண் அப்ப வேண்டும். கோடை வருமுன் கீற்று மாற்ற வேண்டும். அவ்வேலையைச் செய்தவர்கள் பிள்ளைகளின் தாய் தந்தையரே. இன்று ‘பராமரிப்பு’ என்று கோப்புகளில் எழுதும் சொல்லுக்கு அன்று கூலி கிடையாது.

பொதுப் பள்ளியின் இடத்தைப் பற்றி அரசு வாய்திறந்தது 1919-இல். பஞ்சமர் நுழைய இயலாத அக்கிரகாரம், சாவடி, கோயில் எல்லை முதலிய இடங்களில் நடைபெறும் பொதுப் பள்ளிகளை எல்லாரும் வரத்தக்க இடங்களுக்கு மாற்ற வேண்டும் என்று அவ்வாண்டில் ஆணையிடப்பட்டது. ஆணை நல்லாணையே. அதனை நிறைவேற்ற வேண்டியவர்கள் அதே அக்கிரகாரத்திலும் அதே சாவடியிலும் அமர்ந்திருந்தவர்கள் என்பதுதான் குறை. பள்ளியைப் பெயர்த்தால் வாடகைக்கு வீடு தருவார் இல்லை. புதிதாகக் கட்டப் பணம் இல்லை என்று காரணம் சொல்வது எளிதாயிருந்தது. 1924-இல் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று அத்தீர்மானம் கூறிற்று. பள்ளிக்குப் போகும் தெரு அடைபட்டிருக்குமானால், பள்ளியின் கதவு திறந்திருந்து என்ன பயன்?

பொதுப் பள்ளி இடம் பெயராத ஊர்களில் வேறொரு வழி கண்டார்கள். 1920-ஐ ஒட்டி அமைந்த தொழிலாளர் துறை சேரிக்குள்ளேயே தனிப்பள்ளி திறந்தது. கிணறு வெட்டுதல், மனை வழங்குதல், பள்ளி நடத்துதல் மூன்றையும் அத்துறையே பார்த்தது. முதியோர் சிலர் இன்றும் ‘லேபர் ஸ்கூல்’ என்று சொல்வது இதனாலேதான். 1922-இல் எம். சி. ராஜா அவர்களின் தீர்மானத்தால் ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் அரசேட்டில் ஏறிற்று. 1949-இல் தொழிலாளர் துறையின் இப்பணிகள் அரிசன நலத்துறை என்ற பெயரில் தொடர்ந்தன; பின்னர் அது ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிற்று. பெயர்கள் மாறிய அளவுக்குக் கட்டடங்கள் மாறவில்லை.

தனிப்பள்ளியால் நமக்கு நன்மையே விளைந்தது என்பதில் ஐயமில்லை. நம் சங்கத்தின் மூத்தோர் பலர் அப்பள்ளிகளில் எழுத்தறிந்தவர்களே. எனினும் அதன் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஊரில் எவருக்கும் வேண்டாத நிலம் எதுவோ அதுவே சேரிப் பள்ளிக்குக் கிடைத்தது. வாய்க்காலுக்கு அப்பால், ஏரிக்கரையின் கீழ், மழை நீர் தேங்கும் பள்ளத்தில், அளவு கல் நடாத புறம்போக்கில் பள்ளி நின்றது. கட்டடம் விரைவில் பழுதடைய அந்த ஈரமே பாதிக் காரணம். நிலத்திற்கு முறையான ஆவணம் இல்லாமற் போனதன் தொல்லையும் அன்றே தொடங்கிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரையிலான காலம் பள்ளி வரலாற்றில் பொற்காலம் என்று போற்றப்படுகின்றது, அது தகும். 300 பேர் வாழும் சிற்றூருக்கும் ஒரு தொடக்கப் பள்ளி என்னும் நோக்கில் பள்ளிகள் பெருகின. 1956-இல் மதிய உணவு வந்தது. 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர்மக்கள் தத்தம் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, நிலமாகவும் செங்கல்லாகவும் பெஞ்சாகவும் கடிகாரமாகவும் வழங்கினர். அரசிடம் பணமில்லை என்று கைகட்டி நிற்காமல், பள்ளி ஊரின் உடைமை என்னும் எண்ணத்தை விதைத்த இயக்கம் அது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கொடை என்பது கொடுப்பவன் இருக்கும் தெருவிலே தங்கும் இயல்புடையது. நிலமும் செங்கல்லும் தரவல்லவர் தம் தெருப் பள்ளிக்குத் தந்தனர். சேரிப் பள்ளிக்குத் தரவேண்டியவர்கள் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களிடம் இருந்தது உழைப்பு ஒன்றே. கடைக்கால் தோண்டினார்கள், கல் சுமந்தார்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டில் அவ்வுழைப்பு இடம்பெறுவதில்லை.

இனிக் கட்டடத்தின் உடலைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஏனெனில் ‘பழைய கட்டடம்’ என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைப்பது பிழை. வெள்ளையர் காலத்துக் கட்டடங்கள் சில இன்றும் நிற்கின்றன. அவற்றின் மேல்தளம் தேக்குச் சட்டங்களின் மீது சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்டு இடித்து அமைத்தது. சட்டம் உளுத்தால் அச்சட்டத்தை மாற்றலாம். ஓடு உடைந்தால் ஓட்டை மாற்றலாம். இவை செப்பனிடத்தக்கவை. 1970-களிலும் 1980-களிலும் எழுந்த கான்கிரீட்டுக் கட்டடங்களின் நிலை வேறு. 1974-இல் தாட்கோ நிறுவனம் அமைந்தபின் நம் குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் கான்கிரீட்டுத் தளம் பரவலாயிற்று. கீற்றின் கீழ் நனைந்தவர்களுக்கு அது அரண்மனையாகவே தோன்றியது. ஆனால் கம்பியின்மேல் இருக்கவேண்டிய கான்கிரீட்டுப் போர்வை மெலிந்திருந்தாலும், தளத்தில் நீர் தேங்கினாலும், ஈரம் உள்ளிறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருமன் மிக்கது. ஆகவே உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகின்றது. மாணவர் தலைமேல் காரை பெயர்ந்து விழுகின்றது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதனையே. வெளியே பூசி வண்ணம் அடித்தால் ஓராண்டு மறையும், நோய் போகாது. கடலோரப் பகுதியில் உப்புக்காற்று இதனை விரைவுபடுத்தும். எனவே 100 ஆண்டுக் கட்டடத்தைச் செப்பனிடலாம், 40 ஆண்டுக் கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று பொறியாளர் கூறினால் வியப்படைய வேண்டுவதில்லை.

இடிப்பதற்கான ஆணைகள் துயரத்தின் பின்னரே விரைந்து வருகின்றன. 2004 சூலை 16-இல் கும்பகோணத்தில் தனியார் பள்ளி ஒன்றின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். சமையற் கொட்டகையில் எழுந்த தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதன் பின்னரே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். உடனே மாநிலமெங்கும் உறுதியற்ற பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் இடிக்கப்படலாயின. இடித்தது சரியே. பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்து எந்தக் கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

எனினும் இடிப்பதற்கு ஒரு நாள் போதும். கட்டுவதற்கு ஆணை, மதிப்பீடு, நிதி, ஒப்பந்தம் என்று பல படிகள் உண்டு. நாம் முன்பு பணிபுரிந்த பள்ளி ஒன்றில் இரண்டு வகுப்பறைகளை இடித்தபின் பிள்ளைகளை எங்கே அமர்த்துவது என்ற பேச்சு எழுந்தது. ஊரின் பொதுக்கூடம் விசாலமானது. ஆனால் “திருமண நாள் வருகிறது, திருவிழா வருகிறது” என்று சாவி வந்து சேரவில்லை. இறுதியில் குடியிருப்பில் ஒருவர் தம் வீட்டு முன்கூடத்தைத் தந்தார். 1919-ஆம் ஆண்டு ஆணை நமக்கு நினைவுக்கு வந்தது. புதுக் கட்டடம் எழுவதற்குள் பிள்ளைகள் சிலர் வேறு பள்ளிக்குப் போயினர். மூத்த பெண்பிள்ளைகள் இருவர் வீட்டோடு நின்றனர். சேர்க்கை குறைந்தது. சேர்க்கை குறைந்த பள்ளிக்குப் புதுக் கட்டடம் எதற்கு என்ற கேள்வி அடுத்து வந்தது. சேரிப் பள்ளிகள் மறையும் வழிகளுள் இதுவும் ஒன்று. எவரும் பள்ளியை மூடு என்று ஆணையிடுவதில்லை.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கின்றது என்பதை மறவாதிருப்போம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், மழை வெயில் எல்லாம் தாங்கும் கட்டடம், ஆசிரியர் ஒருவர்க்கு ஒரு வகுப்பறை, இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட்டிடம் ஆகியவற்றைப் பள்ளியின் இலக்கணமாக வகுத்துள்ளது. பெற்றோர் பெரும்பான்மையாக அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுத வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. பெற்றோர் பலர் அக்குழுவின் கூட்டத்தைக் கையெழுத்திடும் சடங்காகக் கருதுகின்றனர். புதுக் கட்டடம் எங்கே, எத்தனை அறை, இடைக்காலத்தில் பிள்ளைகள் எங்கே என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதி வாங்க வேண்டிய இடம் அதுவே. 2022-இல் அரசு பேராசிரியர் அன்பழகன் பெயரால், 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பள்ளிக் கட்டமைப்புத் திட்டத்தை அறிவித்தது. இத்தகைய நிதி, கேட்கும் வடிவில் கேட்டவர்க்கே முதலில் போய்ச் சேரும்.

பிறதுறைப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023-இல் வந்தபோது, ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றி நம்மவரிடையே இரு கருத்துகள் எழுந்தன. தனித்துறையில் இருந்ததால் கட்டடங்கள் கவனிப்பாரின்றிப் போயின என்பார் ஒரு சாரார். இணைத்தால் பள்ளியும் நிலமும் நம் கையைவிட்டுப் போகும் என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. நம் கருத்து இதுவே: பள்ளி எத்துறையில் இருப்பினும் நிலம் பள்ளியின் பெயரில் இருத்தல் வேண்டும்; புதிதாகக் கட்டும்போது வாசல் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரத்தக்க பொதுச் சாலையை நோக்கி அமைதல் வேண்டும். பழைய இடம் பள்ளமாயின் மேடாக்கிக் கட்டலாம். இடம் போதாது என்று சொல்லி ஊருக்கு அப்பால் வெகுதொலைவில் கட்டினால், சிறு பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, அது கட்டாததற்கு ஒப்பாகும்.

நிலத்தைப் பற்றி முன்னர்க் கூறியதை இங்கே முடிப்போம். பள்ளி நிற்கும் இடம் கிராமக் கணக்கில் இன்னும் நத்தம் என்றோ, களம் என்றோ, வெறும் புறம்போக்கு என்றோ இருக்குமாயின் புதுக் கட்டடத்திற்கு நிதி கேட்கும்போது அதுவே முதல் தடையாக நிற்கும். பழைய கட்டடம் நிற்கும்வரை, பள்ளி அங்கே இருந்ததற்கு அக்கட்டடமே சாட்சி. இடித்தபின் வெற்றிடத்தில் வேலி போடுவார்க்குக் குறைவில்லை. ஆதலால் இடிப்பு ஆணை வருமுன்னரே, கட்டடத்தை நான்கு புறமும் படம் எடுத்து, பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பத்திரப்படுத்தி, புல எண்ணோடு அடங்கல் நகல் பெற்றுக்கொள்ளுங்கள். சமாபந்தியின்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தைப் பள்ளியின் பெயரில் பதிவு செய்யக் கோரி மேலாண்மைக் குழுத் தீர்மானத்துடன் மனு அளித்து, அதற்குரிய இரசீதைக் கேட்டு வாங்குங்கள். மனுவின் நகல் ஒன்றை நம் சங்க அலுவலகத்திற்கும் அனுப்பி வைத்தால் அதனைக் கோப்பில் சேர்த்து வைப்போம்.