பனிச்சறுக்கும் தாய்மொழியும்: இரண்டு லதீன் ஊர்களின் கதை

சுற்றுலா பெருகினால் சிறுமொழி தேயும் என்ற கருத்து ஏறக்குறைய விதியாகவே சொல்லப்படுகிறது. வட இத்தாலியின் தொலொமைட் மலைகளுக்கு நடுவேயுள்ள கெர்தெய்னா பள்ளத்தாக்கு அந்த விதிக்கு அடங்கவில்லை. 1970இல் உலகப் பனிச்சறுக்குப் போட்டி அங்கே நடந்தது. சஸ்லோங் சரிவில் நடக்கும் உலகக் கோப்பைப் பந்தயத்துக்கு அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. இருந்தும் 2011 கணக்கெடுப்பில் பள்ளத்தாக்கின் மூன்று ஊராட்சிகளிலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் தங்களை லதீன் மொழியினர் என்றே பதிந்தார்கள்.

லத்தீனின் வழிவந்த இம்மொழியின் ஆழத்தைத் தலைமை ஊரின் பெயர்ப்பலகையிலேயே பார்க்கலாம். ஜெர்மானியர் அவ்வூரைப் புனித உல்ரிச்சின் பெயரால் அழைக்கிறார்கள். லதீனில் அது உர்த்திஜெய்; தொட்டால் அரிக்கும் காஞ்சொறி போன்ற செடி மண்டிய இடம் என்று பொருள். இத்தாலியப் பெயரான ஓர்த்திசேய் இதன் திரிபுதான்.

மொழியைப் பள்ளிக்கூடம் காத்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1948 முதல் நடப்பிலுள்ள முறையில் பாடங்கள் பாதி ஜெர்மனிலும் பாதி இத்தாலியனிலும் நடக்கின்றன. லதீனுக்குக் கிடைப்பது வாரத்தில் சொற்பப் பாடவேளை. வெளியுலகத் தொடர்பும் இவர்களுக்குப் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே மரத்தில் புனிதர் சிலைகளும் பொம்மைகளும் செதுக்கி ஐரோப்பாவெங்கும் விற்றவர்கள் இவர்கள். சந்தையில் பிறர் மொழி, வீட்டில் தன் மொழி என்ற பழக்கம் பனிச்சறுக்குக்கு முன்பே வேரூன்றிவிட்டது.

அந்தப் பழக்கம் மட்டும் போதுமா? போதாது என்பதற்குச் சான்று, கிழக்கே லதீன் தேய்ந்துவரும் இன்னொரு லதீன் ஊரான கோர்த்தினா. அதே மலை, அதே பனி. 1956 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். முதல் உலகப் போர் முடியும்வரை இரண்டும் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் திரோல் பகுதியில்தான் இருந்தன. 1923இல் பாசிச அரசு கோர்த்தினாவைப் பெல்லூனோ மாகாணத்தோடு சேர்த்தது. கெர்தெய்னா பிற்பாடு போல்சானோ மாகாணத்துக்குள் வந்தது. 1972இன் இரண்டாம் தன்னாட்சிச் சட்டத்தின் பலனும், அரசுப் பணியில் மொழிவாரி ஒதுக்கீடும், வீடுகளில் ஒரு பங்கை உள்ளூராருக்கென ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் போல்சானோவுக்கே வாய்த்தன. கோர்த்தினாவிலோ வெளியூர்ச் செல்வர்களின் விடுமுறை வீடுகள் பெருகின. உள்ளூர் இளையோருக்குக் குடியிருக்க இடம் அரிதானது. பேச ஆள் தங்காத ஊரில் மொழி எப்படித் தங்கும்?

ஒதுக்கீட்டுக்காகவே கெர்தெய்னாவில் பலர் லதீன் மொழியினர் என்று பதிகிறார்கள், அந்த எண்பது விழுக்காடு வீட்டுப் பேச்சுக்குச் சான்றாகாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. பதிவு குழுவைக் காட்டுகிறதே தவிர நாவைக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு மொழியைத் தன்னுடையது என்று சொல்வதால் வேலையும், உள்ளூரார் என்பதால் வீடும் கிடைக்கிறபோது, அதைக் குழந்தைக்குக் கொடுக்கத் தயங்கும் பெற்றோர் குறைவார்கள் என்பதே என் வாதம். மொழிக்கு ஊறு செய்தது பனிச்சறுக்கு அல்ல, வரைபடத்தில் இழுத்த கோடு.

2007 அக்டோபரில் கோர்த்தினாவும் அண்டையிலிருந்த இரண்டு லதீன் ஊர்களும் போல்சானோவோடு சேர வேண்டும் என்று பெருவாரியாக வாக்களித்தன. மாகாண எல்லை இன்றும் 1923இல் போட்ட இடத்திலேயே இருக்கிறது.